ஒரே கார்டு, நாலு பெயர்

கித்தார் பழகும் எல்லாரும் முதல் மாதமே ஏ மைனர் பிடித்துவிடுவார்கள். ஐந்தாம் கம்பி திறந்தபடி, நான்காவதிலும் மூன்றாவதிலும் இரண்டாம் ஃப்ரெட், இரண்டாவதில் முதல் ஃப்ரெட். அவ்வளவுதான். அதே பிடியில், வேலையில்லாமல் நிற்கும் சுண்டு விரலை முதல் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வைத்து மீட்டினால் ஏ மைனர் சிக்ஸ்த். ஒரு விரல்தான் கூடுதல், ஆனால் சத்தம் வேறு வீட்டுக்குப் போய்விடும். ஏ மைனரில் சோகம் நேரடியாக இருக்கும். சிக்ஸ்த்தில் அந்தச் சோகத்தோடு ஒரு சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் குழப்புவது பெயர்தான். மைனர் சிக்ஸ்த் என்று இசையில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று இடைவெளி: ஸட்ஜத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் நடுவே உள்ள தூரம். இன்னொன்று இந்தக் கார்டு. கார்டில் ‘மைனர்’ என்பது காந்தாரத்தைக் குறிக்கிறது, தைவதத்தை இல்லை. தைவதம் மேஜர்தான். நம் மொழியில் சொன்னால் ஸ, சாதாரண காந்தாரம், ப, சதுஸ்ருதி தைவதம். ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் ஏ, சி, ஈ, எஃப் ஷார்ப். 

இந்த நான்கு ஸ்வரத்தோடு ஒரு சதுஸ்ருதி ரிஷபத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஸ ரி க ப த. சிவரஞ்சனி! ராகத்தின் ஐந்து ஸ்வரத்தில் நான்கை ஒரே நேரத்தில் மீட்டினால் வருவது மைனர் சிக்ஸ்த். இது எனக்கு உறைத்த நாளிலிருந்துதான் இந்தக் கார்டின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். வெறும் கித்தார் பாடமாக இருந்தது, ‘எது நம்முடையது’ என்ற கேள்வியாக மாறிவிட்டது.

*

ஐரோப்பாவில் இந்தக் கார்டுக்கு ஒழுங்காகக் கணக்கு எழுதியவர் ழான் பிலிப் ரமோ. ஆர்கன் வாசிப்பவர். 1722-ல் ஹார்மனி பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். மூன்று ஸ்வரக் கார்டின் மேல் ஆறாவது ஸ்வரத்தை ஒட்டவைத்தால் அது ‘சேர்க்கப்பட்ட ஆறாவது’ என்றார். ஆனால் அதே நான்கு ஸ்வரங்களை வேறு ஒரு ஸ்வரத்தை அடியாகக் கொண்டும் படிக்கலாமே? எஃப் ஷார்ப்பை அடியில் வைத்தால் எஃப் ஷார்ப், ஏ, சி, ஈ. அதே சாமான்கள்தான், ஆனால் இப்போது அது செவன்த் கார்டு. எது சரி? இரண்டுமே சரி என்றார் ரமோ. முன்னால் வந்த கார்டைப் பார்த்தால் ஒரு பெயர், பின்னால் வரப்போகும் கார்டைப் பார்த்தால் இன்னொரு பெயர். 1737-ல் வந்த நூலில் இதை ‘இரட்டைப் பயன்’ என்று விரிவாக எழுதினார்.

அவருக்கு எதிரே நின்றவர் ரூசோ. ஆமாம், அரசியல் பாடத்தில் வரும் அதே ரூசோதான். 1752-லிருந்து இரண்டு ஆண்டுகள் பாரிஸில் இத்தாலிய இசையா, பிரெஞ்சு இசையா என்று பெரிய சண்டை நடந்தது. இசையின் உயிர் மெட்டில் இருக்கிறது, ஹார்மனி அதற்கு அப்புறம்தான் என்பது ரூசோவின் கட்சி. எல்லாம் ஹார்மனியிலிருந்தே பிறக்கிறது என்பது ரமோவின் கட்சி. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ‘நம்முடையது மெலடி, அவர்களுடையது ஹார்மனி’ என்று நாம் மேடைகளில் பிரித்துப் பேசுகிறோமே, அந்தச் சண்டை அவர்கள் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

1865 ஜூன் 10 அன்று மூனிக் நகரில் வாக்னரின் ‘டிரிஸ்டான் உண்ட் இசோல்டே’ அரங்கேறியது. அதன் தொடக்கத்தில் வரும் கார்டைப் பற்றி இன்றுவரை கட்டுரை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எஃப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப். கித்தாரில் வாசித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆறாம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட், நான்காவதில் நான்காம் ஃப்ரெட், மூன்றாவதிலும் இரண்டாவதிலும் ஐந்தாம் ஃப்ரெட், மற்ற இரண்டு கம்பிகளும் சத்தம் போடாமல். இது ஏ மைனர் சிக்ஸ்த்தின் இன்னொரு பிடி. கையை அப்படியே ஒரு ஃப்ரெட் கீழே இறக்குங்கள். வாக்னரின் கார்டில் உள்ள அதே நான்கு ஸ்வரங்கள் வந்துவிடும். வாக்னர் அதை எப்படி எழுதினார், எங்கே கொண்டுபோய் முடித்தார் என்பதெல்லாம் பெரிய விவகாரம். ஆனால் விரலுக்கு அது தெரியாது. விரலுக்கு அது ஜி ஷார்ப் மைனர் சிக்ஸ்த், அவ்வளவுதான்.

1940களில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் இதே கதை திரும்ப நடந்தது. பியானோக்காரர் தெலோனியஸ் மங்க், டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லஸ்பிக்கு ஒரு கார்டைக் காட்டினார். மைனர் சிக்ஸ்த், ஆனால் அந்த ஆறாவது ஸ்வரம் பேஸில். பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களில் இதற்கு ‘ஹாஃப் டிமினிஷ்ட்’ என்றும் ‘மைனர் செவன்த் ஃபிளாட் ஃபைவ்’ என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். மங்கிடமிருந்து தான் கற்றது மைனர் சிக்ஸ்த் என்ற பெயரில்தான் என்று கில்லஸ்பி தன் சுயசரிதையில் பதிவுசெய்திருக்கிறார். பெயரைப் புத்தகம் வைக்கிறது. அதற்கு முன்பே கை அதை வாசித்துவிட்டிருக்கிறது.

*

கித்தாரில் இந்தக் கார்டைத் தன் கையெழுத்தாக மாற்றியவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1910-ல் பெல்ஜியத்தில் ஒரு ரோமா குடும்பத்தில் பிறந்தவர். 1928 நவம்பரில் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி, மடங்கிப்போயின. மீதி இருந்த இரண்டு விரலையும் கட்டைவிரலையும் வைத்து மறுபடி முதலிலிருந்து கற்றார். மடங்கிய விரல்களைக் கார்டு பிடிக்கும்போது மட்டும் மேல் கம்பிகளில் ஒட்டவைத்துக்கொள்வார். 

முழு பார் கார்டுக்கு நாலு விரலும் வேண்டும். மேலே சொன்ன ஐந்தாம் ஃப்ரெட் மைனர் சிக்ஸ்த் பிடிக்கு அத்தனை விரல் வேண்டாம். அதனால்தான் இந்தச் சத்தம் அவருடைய இசையில் இவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கித்தார் வாத்தியார்கள் சொல்வதுண்டு. 1934-ல் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து பாரிஸில் ‘ஹாட் கிளப்’ ஐவர் குழுவைத் தொடங்கினார். டிரம்ஸ் கிடையாது, தாளத்தையும் கித்தார்களே பார்த்துக்கொண்டன. 1937 நவம்பரில் பதிவான ‘மைனர் ஸ்விங்’ இன்றும் அந்தப் பாணியைப் பழகுகிறவர்களின் முதல் பாடம். ஏ மைனர் சிக்ஸ்த், டி மைனர் சிக்ஸ்த், ஈ செவன்த். மூன்று கார்டில் ஒரு உலகம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ரோமா மக்களின் மொழி இந்திய-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்கள் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுப் போனவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வும் காட்டுகின்றன. இதைக் கேட்டதும், ‘பார்த்தியா, சிவரஞ்சனியைக் கையோடு கொண்டுபோயிருக்காங்க’ என்று குதிக்கத் தோன்றும். தயவுசெய்து குதிக்கவேண்டாம். ஜாங்கோ கேட்டு வளர்ந்தது பாரிஸின் நடன அரங்கு இசை, பிறகு அமெரிக்க ஜாஸ் தட்டுகள். அவருக்கு ஒரு பூர்வீகத்தை மாட்டிவிடுவதைவிட, ஐரோப்பா முழுக்க ரோமா மக்களை நாஜிகள் கொன்றுகொண்டிருந்த காலத்தில் அவர் அதே பாரிஸில் வாசித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

*

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம்.

அடி ஸ்வரத்தை மாற்றினால் கார்டின் பெயர் மாறும் என்று ரமோ சொன்னதற்கு நம்மிடம் ஒரு ஜோடி இருக்கிறது. கிரக பேதம். சிவரஞ்சனியின் அதே ஐந்து ஸ்வரத்தை வைத்துக்கொண்டு, ரிஷபத்தை ஸட்ஜமாக நினைத்துப் பாடினால் ரேவதி. காந்தாரத்தை ஸட்ஜமாக எடுத்தால் சுநாதவினோதினி. கித்தாரில் இதைச் சோதிப்பது சுலபம். ஏ, பி, சி, ஈ, எஃப் ஷார்ப் என்ற ஐந்தையும் வாசிக்கும்போது அடியில் பி-யை ஒலிக்கவிடுங்கள், ரேவதி வந்து நிற்கும். இதற்குப் பழைய தமிழில் ‘பண்ணுப்பெயர்த்தல்’ என்று பெயர். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளிலும் அதன் உரைகளிலும் உள்ள வட்டப்பாலைக் கணக்கு இதைத்தான் பேசுகிறது.

அந்தக் கணக்கை நவீன காலத்தில் விடாப்பிடியாகத் துருவியவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் பிறந்தவர், தஞ்சாவூரில் சித்த மருத்துவர். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், சுருதி 22 என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, ஸ்தாயியைச் சமமாகத்தான் பிரிக்கவேண்டும், 12 என்றும் 24 என்றும் வரும் என்று வாதாடினார். அவருடைய மகள்கள் வீணையில் வாசித்துக் காட்டினார்கள். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ அச்சில் வந்தது. 

பொறியியல் படித்தவனுக்கு இது சாதாரண விஷயமில்லை. கித்தாரின் ஒவ்வொரு ஃப்ரெட்டும் நிற்பது இந்தச் சமப் பிரிவில்தான். ஒரு ஃப்ரெட் ஏறினால் அதிர்வெண் 1.0595 மடங்கு, 12 ஃப்ரெட் ஏறினால் சரியாக இரண்டு மடங்கு. திறந்த ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். ஏ மைனர் சிக்ஸ்த்தில் இரண்டாம் கம்பியின் சி 261.6, முதல் கம்பியின் எஃப் ஷார்ப் 370. இரண்டையும் வகுத்தால் 1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஸ்தாயியை நட்டநடுவில் வெட்டிய இடம். அந்தக் கார்டில் கேட்கும் சந்தேகம் இந்த இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. 

பண்டிதரின் முடிவை இசை அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. அதற்கும் நியாயம் உண்டு. சிவரஞ்சனியின் காந்தாரத்தை ஒரு நல்ல பாடகர் ஒரே இடத்தில் நிறுத்துவதில்லை, அதை அசைத்து, இறக்கித்தான் பாடுவார். கித்தாரின் மூன்றாவது ஃப்ரெட் 300 சென்ட்டில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். இயற்கையான விகிதமான ஆறுக்கு ஐந்து என்பதோ 316 சென்ட். ஃப்ரெட் ஒரு சமரசம். கார்டு வேண்டுமென்றால் இந்தச் சமரசத்தை ஏற்கவேண்டும், அசைவு வேண்டுமென்றால் கம்பியை இழுக்கவேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் முழுசாகப் பெறமுடியாது.

இந்தச் சமரசம் பிடிக்காமல்தான் அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. கமகம் வராது, வெளிநாட்டுச் சரக்கு என்பது குற்றச்சாட்டு. தாகூருக்கும் ஹார்மோனியம் பிடிக்காது. 1971-ல்தான் தடை தளர்ந்தது. 

பீடோங் பக்கம் ஒரு பஜனையில் கித்தாரைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்குக் கிடைத்த பதில், “தம்பி, இது நம்ம வாத்தியம் இல்லப்பா, ஹார்மோனியம் இருக்கே.” ஹார்மோனியத்துக்கு 1840களில் பாரிஸில் காப்புரிமை வாங்கியவர் அலெக்ஸாண்டர் டெபான் என்ற பிரெஞ்சுக்காரர். அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக மாற்றியது கல்கத்தா. நூறு ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எதுவும் நம்முடையதாகிவிடும் போல. பெரியவர் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ‘நம்முடையது’ என்பது பிறந்த இடத்தை வைத்து இல்லை, எத்தனை கை பட்டது என்பதை வைத்துத்தான் முடிவாகிறது என்று அன்று புரிந்தது.

*

கார்டையும் ராகத்தையும் ஒன்றாக உட்காரவைத்தது சினிமா. பம்பாயில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் கோவா கிறிஸ்தவ இசைக்கலைஞர்கள். தேவாலயத்தில் நொட்டேஷன் படித்தவர்கள், ஓட்டல்களில் ஜாஸ் வாசித்தவர்கள். ஷங்கர்–ஜெய்கிஷனுக்கு நீண்ட காலம் அரேஞ்சராக இருந்த செபாஸ்டியன் டிசோஸா அவர்களில் ஒருவர். 1968-ல் ஷங்கர்–ஜெய்கிஷன், சிதார்க்காரர் ரயீஸ் கானோடு ‘ராகா ஜாஸ் ஸ்டைல்’ என்ற தட்டை வெளியிட்டார்கள். 11 ராகங்கள், அதில் சிவரஞ்சனியும் உண்டு. 1970-ல் வந்த ‘மேரா நாம் ஜோக்கர்’ படத்தில் முகேஷ் பாடிய புகழ்பெற்ற பாட்டும் சிவரஞ்சனிதான்.

தமிழில் இந்தக் கதையின் நடுவில் இருப்பவர் இளையராஜா. 1968-ல் சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கித்தார் வாசித்தார். 1976-ல் ‘அன்னக்கிளி’. அதற்கு முன்னாலும் தமிழ் சினிமாவில் கித்தார் இருந்தது. எம்.எஸ்.வி. பாட்டுகளில் எவ்வளவு அழகான கார்டுகள் இருக்கின்றன! ஆனால் இளையராஜா கித்தார்க்காரராக இருந்து இசையமைப்பாளர் ஆனவர். அவரிடம் கார்டு என்பது மெட்டுக்குப் பின்னால் போடும் திரை இல்லை, மெட்டோடு கூட நடக்கும் இன்னொரு குரல். 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ தட்டில் தியாகராஜரையும் பாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்தத் தலைப்பே, இதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்விதான்.

*

இந்தச் சத்தம் கெடாவுக்கு எப்படி வந்தது? ஒரே வழியாக வரவில்லை.

1870களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கில் வந்து இறங்கின. அதிலிருந்து பங்சாவான் என்ற மலாய் நாடகம் பிறந்தது. ஜொகூரின் கஸல் இசையில் இன்றும் ஹார்மோனியமும் தபலாவும் கம்புஸும் கித்தாரும் ஒன்றாக உட்காருகின்றன. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இசைக்கலைஞர்கள் நடன அரங்குகளுக்கும் வானொலிக்கும் ஜாஸ் கார்டுகளைக் கொண்டுவந்தார்கள். அந்த வம்சத்தில் வந்த அல்ஃபோன்ஸோ சோலியானோதான் 1961-ல் வானொலி இசைக்குழுவை அமைத்தவர். 1929-ல் பினாங்கில் பிறந்த பி. ராம்லீ இத்தனையையும் கேட்டு வளர்ந்தவர். அவர் படங்களில் அரபு, இந்திய, லத்தீன், ஜாஸ் எல்லாம் பக்கத்து வீடுகள் மாதிரி இருக்கும்.

1961-ல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூர் வந்துபோனார்கள். பிறகு எங்கே பார்த்தாலும் மின்சாரக் கித்தார். மலாயில் அந்தக் குழுக்களுக்கு ‘குகிரான்’ என்று பெயர், ‘கும்புலான் கித்தார் ரஞ்சாக்’ என்பதன் சுருக்கம். அறுபதுகளின் கடைசியில் பினாங்கில் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும் ‘ஆலிகேட்ஸ்’ குழுவைத் தொடங்கினார்கள். பெரிய சுருள் முடி, ஆங்கிலப் பாட்டு, ஹாங்காங் கிளப்புகள், பிறகு மலாய்ப் பாட்டு. லோகா 2007-ல் இறந்தபோது நாடே வருந்தியது. இரண்டு தமிழர் பாடிய மலாய்ப் பாட்டு மூன்று இனத்தின் கல்யாண வீடுகளிலும் ஒலித்தது. அதைத் தமிழர் இசை வரலாற்றில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? தமிழில் பாடவில்லை என்பதால் வெளியே நிறுத்துகிறோம். மலாய் இசை வரலாற்றில் அவர்களுக்கு இடம் உறுதி. நம் பக்கத்தில்தான் நாற்காலி போடப்படவில்லை.

சுங்கை பட்டாணிக்கும் குருணுக்கும் நடுவில் இருக்கும் பீடோங்கில் கித்தார் என்றால் பலருக்கும் ‘காப்போக்’தான். குவாங்சோவில் செய்த மலிவு விலைக் கித்தாரின் பிராண்ட் பெயர் அது. மலாயில் அதுவே சாதாரண மரக் கித்தாருக்குப் பொதுப் பெயராகிவிட்டது. காப்போக் என்றால் இலவம். கம்பி உயரமாக நிற்கும், பார் கார்டு பிடித்தால் விரல் வெட்டும். எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான். அண்ணன்மார்கள் எண்பதுகளில் அதில் ‘செர்ச்’ குழுவின் ரோக் பாட்டும் வாசித்தார்கள், அலை ஆறில் கேட்ட இளையராஜா பாட்டும் வாசித்தார்கள். தோட்டத்துத் திருவிழா மேடைகளில் இசைக்குழுக்கள் ஏறின. கீபோர்டு, டோலாக், ஒரு லீட் கித்தார், ஒரு பேஸ். நொட்டேஷன் தெரியாது, கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் கார்டு கண்டுபிடித்தவர்கள். அவர்களில் ஒருவரிடம் ஏ மைனர் சிக்ஸ்த் வாசித்துக்காட்டி, இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று கேட்டேன். “பேரெல்லாம் தெரியாதுப்பா. ஏ மைனர்ல சுண்டு விரல வச்சா வரும். சரணத்துக்குப் போறதுக்கு முன்னாடி போடுவோம்” என்றார். 

மங்க் சொன்னதைவிட இது குறைந்த விளக்கம் இல்லை. அவர் கார்டை அதன் வேலையால் அறிந்திருக்கிறார். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்த்துப் பெயர் வை என்று ரமோ சொன்னதும் இதைத்தானே?

நாங்கள் கடாரத்தில் பிறந்தவர்கள். ராஜேந்திர சோழன் 1025-ல் படையெடுத்து வந்ததைப் பற்றி எங்கள் ஊர் மேடைகளில் பேசாத ஆள் கிடையாது. பூஜாங் பள்ளத்தாக்கின் கற்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, பெருமைதான். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே மண்ணில், பால் வெட்டிவிட்டு வந்த கையோடு கார்டு பிடித்தவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறோமா? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குழுக்கள் கலைந்தன. ஒத்திகையைப் பதிந்த கேசட்டுகள் அலமாரிகளில் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. கார்டு எழுதிய நோட்டுப்புத்தகங்கள் பழைய பேப்பர்காரருக்குப் போகின்றன. வாசித்தவர்களுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது.

ஒரு கார்டுக்கு மூன்று நூற்றாண்டாக ஐரோப்பா பெயர் வைத்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம், யாரோ ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து எழுதிவைத்தார்கள் என்பதுதான். பண்டிதர் எழுதியதால் தஞ்சாவூரின் கணக்கு மிஞ்சியது. கில்லஸ்பி எழுதியதால் மங்க் கொடுத்த பெயர் மிஞ்சியது. உங்கள் ஊரிலும் ஒரு பழைய லீட் கித்தார் அண்ணன் இருப்பார். கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, சரணத்துக்கு முன்னாடி என்ன போடுவீங்க என்று கேளுங்கள். நான் இதுவரை மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். மூன்று பேரும் சுண்டு விரலைத்தான் முதலில் காட்டினார்கள்.